மயிலும் குரங்கும் ஓர் அம்மம்மாவும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, "கல்லூரியும் தமிழ்ப் பணியும்" என்பது போன்றதொரு பொருளையே எம்மிடம் எதிர்பார்த்தனர் என்பதை நாம் அறிவோம். தமிழாசிரியரிடத்து வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயினும், சென்ற தவணை விடுமுறையிற் படித்த நூலொன்று எம்மை அப்பொருளில் அமர்ந்து எழுத விடவில்லை. அது தமிழ் நூலுமன்று. ஆர். கே. நாராயண் என்னும் தமிழர் ஆங்கிலத்தில் எழுதி 1974ஆம் ஆண்டில் வெளிவந்த "மை டேஸ்" என்னும் தன்வரலாறு அது. "எனது நாட்கள்" என்று நாம் அதனைச் சொல்லிக்கொள்வோம். ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆங்கில நூலை எவ்வாறு படித்திருப்பார் என்பதை எம் நண்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம். வலக்கையில் நூல், இடக்கையில் அகராதி, பக்கத்துக்கொரு தேநீர். அவ்வாறு படித்தும், குழந்தைப் பருவத்தைக் கூறும் முதல் அதிகாரங்களில் அகராதியைக் கீழே வைத்துவிட்டு நாம் சிரித்த இடங்கள் பல. சிரித்து முடிந்த பின்னர் எம்மீது எமக்கே சிறிது கோபமும் வந்தது. அக்கோபத்தின் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

நாராயண் 1906ஆம் ஆண்டிற் சென்னையிற் பிறந்தவர். தந்தையார் மைசூர் நாட்டிலே தலைமையாசிரியர். பிள்ளையோ சென்னைப் புரசைவாக்கத்திலே தாயின் தாயாரிடம் வளர்ந்தது. வீட்டு முற்றத்து மூலையில் மணற்குவியல் ஒன்று. அதிலே பாதியுடல் புதைந்திருந்து, தலைமேற் காயும் வெயிலை அறியாது, கோட்டையும் மலையும் எழுப்பிக்கொண்டிருக்கிறான் சிறுவன். அவனுக்குத் துணை ஒரு மயிலும் ஒரு குரங்கும். நூல் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. குலப்பெருமை இல்லை, பிறந்த நாளின் கோள்நிலை இல்லை, "இப்பூவுலகில் அடியேன் அவதரித்த காலை" என்பது இல்லை. மணல், மயில், குரங்கு, அவ்வளவே. உலகறிந்த எழுத்தாளர் ஒருவர் அறுபது வயதைக் கடந்து தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கும்போது, முதலிற் கண்ணிற்பட்டவை இவைதாம் என்பதை ஒளிக்காமற் சொல்லும் துணிவு எம்மைக் கவர்ந்தது.

பாட்டியாரின் பெயர் அம்மணி. பேரனைக் குஞ்சப்பா என்று அழைப்பவர். அயலாருக்குச் சாதகம் பார்ப்பதும், கலியாணம் பொருத்துவதும், தேள் கடித்தவனுக்கு மருந்து சொல்வதும் அவர் வேலை. மாலையானதும் பேரனை முன்னே இருத்தி வாய்பாடு, தமிழ் நெடுங்கணக்கு, ஔவையார் வாக்கு, கலைமகள் சுலோகம், இராகம் கண்டுபிடித்தல் என்று வரிசையாக நடத்துவார். பிள்ளை தப்ப வழி தேடும், பாட்டி விடார். பின்னாளில் "கலாநிலையம்" என்னும் இலக்கிய இதழை நடத்திய தி. நா. சேஷாசலம் இச்சிறுவனின் மாமனாரே. இத்தகைய வீட்டிலே வளர்ந்தவர் ஆங்கிலத்திலே எழுதப் போனது தமிழுக்கு நட்டமென்று நாம் முதலில் எண்ணினோம். அவ்வெண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டோம். அவர் எந்த மொழியில் எழுதினாலும் அந்த அம்மணி தமிழ்ப் பாட்டியேயாவார்.

எமக்கோ அவர் தமிழ்ப் பாட்டி மட்டுமல்லர். மட்டக்களப்புப் பாட்டியாகவே தோன்றினார். அதற்குக் காரணமுண்டு. எம் நாட்டு வழக்கத்தில் குடி தாய்வழி வருவது. வீடும் வளவும் பெண்ணுக்கு. மணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டிலே புகுவான். ஆகவே, மண்டூரிலோ களுவாஞ்சிகுடியிலோ பிறக்கும் பிள்ளை கண் திறந்ததும் காண்பது அம்மம்மாவின் முகத்தை. புரசைவாக்கத்துச் சிறுவனுக்குத் தாயாரின் உடல்நலக் குறைவினால் நேர்ந்தது, எம்மவருக்கு மரபாகவே வாய்த்திருக்கின்றது. எம்மூர்ப் பிள்ளைகளுள் ஒவ்வொருவரும் இப்படியொரு நூலுக்கு உரிய மூலப்பொருளோடேயே பிறக்கின்றனர் என்றாலும் மிகையன்று. மயில் எமக்குக் கோயிலில் இருந்தது. குரங்கு வளர்க்க வேண்டுமென்று ஒருநாள் அடம்பிடித்தபோது, "குரங்குக்கு எங்க போற? அதுதான் நீ இரிக்கிறாயே மனே" என்று அம்மம்மா முடித்துவிட்டார்.

நூலில் நாம் சற்றுத் தங்கிப் படித்த பகுதி பள்ளிக்கூடத்தைப் பற்றியது. சிறுவன் சேர்க்கப்பட்டது லுத்தரன் மிஷன் பாடசாலையில். அங்கே வேதபாட வகுப்பில் ஆசிரியர் இந்துக் கடவுளரை எள்ளி நகையாடுவார்; இந்துப் பிள்ளை தலை குனிந்து கேட்டிருக்க வேண்டும். இதுவே பின்னர் 1935இல் வெளிவந்த "சுவாமியும் நண்பர்களும்" என்னும் நாவலின் தொடக்கத்தில் வருகின்றது; அங்கே சுவாமிநாதன் எழுந்து எதிர்க்கேள்வி கேட்டுக் காதுத் திருகல் வாங்குகின்றான். இம்மலரைப் படிப்போருக்கு இது புதிய கதையன்று. இதே மனப்புண்ணை ஆற்றவே நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை கண்டார். விபுலாநந்த அடிகள் 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும், "இந்து" என்ற பெயரைத் தாங்கிக் கல்லூரிகள் எழுந்ததும் அவ்வழியிலேதான். நம் பெரியோர் புண்பட்டுக் கல்லூரி கட்டினர். நாராயண் புண்பட்டு நகைச்சுவை எழுதினார். அவர் அவ்வாசிரியரை ஓரிடத்திலும் வெறுக்கவில்லை. அவருடைய அறியாமையை ஒரு சிறுவனின் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே காட்டி நகர்ந்து விடுகின்றார். இரண்டனுள் எது பெரிதென்று எம்மைக் கேட்டால், கல்லூரியின் மலரிலே எழுதிக்கொண்டிருக்கும் நாம் கல்லூரியென்றுதான் சொல்லவேண்டும். ஆனால், கட்டியவர்களின் பிள்ளைகளாகிய நாம் சிரிக்கவும் கற்றிருக்கலாம்.

இனி எம் கோபத்துக்கு வருவோம்.

நாம் சிறுபராயத்தில் விளையாடிய மணலும் வீட்டு மூலையிற் குவித்த மணலே. புரசைவாக்கத்து மணலைப் போலவே அதனையும் விளையாட்டுக்கென்று எவரும் கொண்டுவந்து கொட்டவில்லை. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்ட பின்னர், எம் மாமா வளவின் பின்புறத்திற் பங்கர் வெட்டினார். வெட்டி எடுத்த மணலிற் சாக்குக்குப் போனது போக எஞ்சியது எமக்கு. எமக்கு அப்போது வயது எட்டு. கோட்டை கட்டினோம், வாவி வெட்டினோம், வாவிக்குக் குறுக்கே ஈர்க்கினாற் பாதை விட்டோம். (எம்மூர்த் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு குருமண்வெளிக்குப் போகும் மிதவைக்குப் பாதை என்றே பெயர். வெளியூர் அன்பர் ஒருவர் "பாதை எங்கே?" என்று கேட்க, சிறுவர்களாகிய நாம் தண்ணீரைக் காட்ட, அவர் எம்மைக் குறும்பரென்று ஏசிச் சென்றதும் உண்டு.) பங்கருக்குள் முதலிற் குடிபுகுந்தது எம் வீட்டு நாய். உள்ளே குளிர்ச்சியாயிருந்தமையால், பகல் முழுவதும் அங்கேயே கிடக்கும். செல் விழத் தொடங்கிய இரவில் நாம் அனைவரும் ஓடிப் போனால், வீட்டுக்காரரைப் போல நின்று எம்மைப் பார்த்துக் குரைத்தது. அம்மம்மாவோ வெளியே நின்று, வெற்றிலைத் தட்டம் வராமல் தாம் இறங்குவதில்லையென்று சொல்லிவிட்டார். மாமா தட்டத்துக்காக ஓடினார். அம்மா மாமாவுக்காக அழுதார். தட்டம் வந்தது, பாக்குவெட்டி வரவில்லை. "மறுகா என்னத்துக்கு இத எடுத்து வந்த?" என்று அம்மம்மா கேட்டது எம் காதில் இன்னும் நிற்கின்றது.

மற்றொன்று. 1991ஆம் ஆண்டளவில், எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. பற்றரி இல்லாமல் வானொலிப் பெட்டி பேசாது; அது பேசாவிட்டால் அம்மம்மாவுக்கு நாடகமில்லை. அம்மம்மா கடைக்குப் போனார். இரண்டு பற்றரி வாங்கினார். கொட்டைப்பெட்டியில் அடியிலே வைத்து, மேலே பாக்கும் புகையிலையும் பரப்பி இடுப்பிலே செருகினார். சோதனைச்சாவடியில் நின்ற இளம் படைவீரன் பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டான். அம்மம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அவனுக்குத் தமிழ் தெரியாது. வெற்றிலை கேட்கின்றானென்று கருதி, மடியிலிருந்த வெற்றிலையில் இரண்டை எடுத்து, பெட்டிக்குள் விரலை விட்டுப் பாக்கெடுத்து, சுண்ணாம்பு தடவி மடித்துக் கொடுத்தார். அருகில் நின்ற எமக்கு உயிர் இல்லை. அவன் வாங்கி வாயிலே போட்டுக்கொண்டு போகச் சொன்னான். பாதையேறி, வாவி கடந்து, வீடு சேர்ந்து, ஊரே கூடிப் பார்த்திருக்கப் பற்றரியை இட்டால், வானொலி பேசவில்லை. கடைக்காரர் விற்றது முன்னரே தீர்ந்துபோன பற்றரி! அம்மம்மா ஒரு மாதம் கடைக்காரரைத் திட்டினார். படைவீரனைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இந்தக் கதையை நாம் இதுவரை எங்கும் எழுதியதில்லை. ஏன் எழுதவில்லையென்று நூலை மூடிவைத்துவிட்டு யோசித்தோம். அதே கிழமையில் எம் வீட்டுக்கு நான்காம் வளவில் ஒரு சாவு. பிள்ளையைத் தேடிப் போன தந்தை திரும்பவில்லை. பற்றரிக் கதையைச் சொல்லத் தொடங்கினால், அந்த வீடு கண்முன்னே வந்து நின்று வாயை அடைக்கின்றது. அக்காலத்தைப்பற்றி எழுதுவதாயின் அழுதே எழுதவேண்டும், சிரித்தால் இறந்தவருக்குச் செய்யும் துரோகம் என்றொரு சட்டத்தை எவரும் இயற்றாமலே நாம் கைக்கொண்டிருக்கின்றோம்.

கைக்கொண்டதோடு நில்லாமல் பிள்ளைகளுக்கும் விதித்தோம் என்பதே எம் குற்றம். 2012ஆம் ஆண்டு அப்போது நாம் கற்பித்த பாடசாலையில், சாதாரண தர வகுப்பிற்கு "எனது சிறுபராயம்" என்று கட்டுரை கொடுத்தோம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் எழுதினர். முப்பத்தேழு கட்டுரைகளிலே பசுமரத்தாணி அறையப்பட்டிருந்தது, தென்றல் வீசியது, குயில் கூவியது. எஞ்சிய ஒன்றை எழுதியவன் 2007இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவன். இருளில் ஓடியபோது அவன் அப்பு தம் செருப்பில் ஒன்றையும் அயலவரின் செருப்பில் ஒன்றையும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். அயலவரும் மற்றச் சோடியோடு அதே முகாமுக்கு வந்து சேர்ந்தார். இருவருக்கும் ஊரிலே வேலிச் சண்டை, பேச்சில்லை. ஆகவே, ஒருவர் மற்றவரின் செருப்பைக் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. முகாமில் இருந்த நாளெல்லாம் இரு கிழவரும் மாறுசெருப்போடு உணவு வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நின்றனர் என்று அவன் எழுதியிருந்தான். படித்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிவப்பு மையினால் "துன்ப நிகழ்வில் நகைச்சுவை பொருந்தாது" என்றெழுதி, இருபதுக்கு எட்டுப் புள்ளி இட்டோம். அவன் வந்து, "சேர், எங்கட வீட்ட இதச் சொல்லித்தானே எல்லாரும் சிரிக்கிற" என்றான். "வீடு வேறு, கட்டுரை வேறு" என்றோம். அடுத்த கிழமை அவன் திருத்தி எழுதி வந்தான். அதிலும் தென்றல் வீசியது. பதினாறு கொடுத்தோம்.

நாராயணின் நூலைப் படித்துவிட்டு எமக்கு வந்த கோபம் இதுதான். வேதபாட ஆசிரியர் ஒரு பிள்ளையின் கடவுளைப் பரிகசித்தார். நாம் ஒரு பிள்ளையின் சிரிப்பைத் தண்டித்தோம். வித்தியாசம் மிகப் பெரிதென்று எமக்குத் தோன்றவில்லை.

அவர் சிரித்தமைக்குக் காரணம் அவர் துன்பம் அறியாதவர் என்பது, நாம் இளமையில் போர் கண்டவர், அவர் மயில் கண்டவர் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியன்று. அதே நூலின் பிற்பகுதியில், மனைவி இராஜம் 1939இல் நச்சுக்காய்ச்சலால் இறந்ததும், சிறு பெண்குழந்தையோடு அவர் தனித்துப் போனதும், பல காலம் எழுதவியலாது இருந்ததும் வருகின்றன. 1945இல் வந்த "ஆங்கில ஆசிரியர்" என்னும் நாவல் அத்துயரிலிருந்து பிறந்ததே. ஆனால், அச்சாவை எழுதப்போகும் கை, மயிலையும் குரங்கையும் எழுதும்போது நடுங்கவில்லை. பின்னே வரும் துயரத்தை முன்னே நின்ற சிறுவனின் தலையில் அவர் ஏற்றவில்லை. அவனுக்கு அன்று வெயிலும் மணலுமே தெரியும். அவ்வளவையே அவனுக்குக் கொடுத்திருக்கின்றார். நாம் செய்வது இதற்கு மாறு. எட்டு வயதுப் பிள்ளை பங்கர் மணலிற் கோட்டை கட்டி மகிழ்ந்ததை, நாற்பது வயதில் நாம் அறிந்த துயரத்தைக்கொண்டு அழித்துவிடுகின்றோம். அது உண்மையுமன்று. அப்பிள்ளை அன்று மகிழ்ந்தது மெய். நான்காம் வளவிற் சாவு நிகழ்ந்ததும் மெய். இரண்டையும் எழுதாதவன் பாதியையே எழுதியவனாவான்.

நகைச்சுவையோடு தன் இளமையைச் சொல்வது தமிழுக்குப் புதிதென்றும் எவரும் கருதவேண்டா. ஐயரவர்களின் "என் சரித்திரம்" 1940 முதல் ஆனந்தவிகடனில் வெளிவந்தது. ஏகாதசி நாளில் மறந்து வெற்றிலை போட்டுவிட்ட ஓர் அரசன், அப்பிழைக்குப் பரிகாரமாக அமைத்த அக்கிரகாரமே தம் ஊராகிய உத்தமதானபுரம் என்ற செய்தியை அவர் தொடக்கத்திலேயே வைக்கின்றார். சங்க நூல்களைத் தேடித் தந்த பேரறிஞர் தம் ஊரின் தோற்றத்தை ஒரு வாய் வெற்றிலையில் வைத்தது தற்செயலென்று நாம் நம்பவில்லை. ஈழத்திலும், மட்டக்களப்பில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த எஸ். பொன்னுத்துரை "நனவிடை தோய்தல்" என்ற நூலில் தம் யாழ்ப்பாணத்து இளமையை 1992இல் எழுதினார். கொக்குவில் இந்துக் கல்லூரியின் பழைய மாணவராகிய அ. முத்துலிங்கம் 2008இல் வெளியிட்ட தம் நூலுக்கு "உண்மை கலந்த நாட்குறிப்புகள்" என்று பெயரிட்டார். பாலிலே நீர் கலப்பதுண்டு. நாட்குறிப்பிலே உண்மை கலக்கலாமென்பதை அவரிடமே கற்றோம். இவை யாழ்ப்பாணத்தார் பெற்ற பேறு. எம் படுவான்கரைக்கு, எம்மூரவராகிய பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் "மட்டக்களப்புத் தமிழக"த்தைத் தந்தார். அதிலே எம் குடியும் வழிபாடும் நாட்டுப்பாடலும் உண்டு. எம் பாட்டனார் தலைமுறையின் வாழ்வு உண்டு. பங்கரில் இருந்த பாட்டி அதில் இருக்க முடியாது. அவரை எழுதவேண்டியவர்கள் நாற்பதைக் கடந்துவிட்ட நாமே. எமக்குப் பின் அவரை நேரிற் கண்டவர் இல்லை.

மாறுசெருப்புக் கட்டுரை எழுதியவனை இவ்வாண்டு ஆவணித் திருவிழாவிற் கோயில் வீதியிலே கண்டோம். இப்போது மணம் முடித்து மனைவியின் ஊரில் இருக்கின்றான். அந்தக் கட்டுரை கைவசம் உண்டோவென்று கேட்டோம். "எது சேர், எட்டுக் கிடைச்சதா, பதினாறு கிடைச்சதா?" என்றான். இரண்டும் இல்லையாம். அவன் அப்புவும் இல்லை, அயலவரும் இல்லை. முகாமிலிருந்து ஊர் திரும்பிய அன்று, அயலவர் வேலியருகே வந்து ஒற்றைச் செருப்பைப் போட்டுவிட்டுப் போக, அப்புவும் அவ்வாறே செய்தாரென்றும், அதன் பின்னரும் பேச்சில்லையென்றும் சொன்னான். இது முதற் கட்டுரையில் இல்லாத செய்தி. மீண்டும் எழுதித் தரும்படி கேட்டிருக்கின்றோம்.

பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோளையும் இவ்விடத்திலே வைக்கின்றோம். மண்டபத்துக்கும் மதிலுக்கும் பணம் சேர்ப்பதோடு, உறுப்பினர் ஒவ்வொருவரிடமிருந்தும் தம் ஏழு எட்டு வயதைப்பற்றி நான்கு பக்கம் வாங்கிக் கல்லூரி நூலகத்தில் ஒரு கோவையாக வைக்கலாம். தென்றலும் குயிலும் இல்லாதிருந்தாற் போதும். எம் நான்கு பக்கம் ஆயத்தமாயிருக்கின்றது. பற்றரி விற்ற கடைக்காரரின் பெயரை மட்டும் அதில் எழுதவில்லை. அவர் மகன் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர், இம்மலரையும் தவறாமல் வாங்குவார்.